வெயிலில் காய்ந்த பேட்டரிகள்

போன வாரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்: "அதெல்லாம் சரி, ரேடியோ எப்போ?"

இதோ, இந்த வாரம் ரேடியோதான்.

எங்கள் ஊர் ஆடலூர். கொடைக்கானலுக்கு டூர் போனவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வத்தலக்குண்டு வழியாக ஏறியிருப்பீர்கள். எங்கள் ஊருக்குத் தருமத்துப்பட்டியில் மலையேற ஆரம்பித்து, பன்றிமலையைத் தாண்டி வரவேண்டும். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. தினசரி பேப்பர் எங்கள் ஊருக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். ஒரு சினிமா பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கித்தான் போகவேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

அதனால் எங்களுக்கு எல்லாமே ரேடியோதான். சாயங்காலம் ரேடியோ பாடுகிற வீட்டு வாசலில் கோலி விளையாட்டுகூடச் சத்தமில்லாமல் நடக்கும்.

எங்கள் வீட்டில் இருந்தது நாலு கட்டை பேட்டரி போடும் டிரான்சிஸ்டர். அதற்குத் தோல் உறை உண்டு. உறையைக் கழற்றினால் ஐயாவுக்குக் கோபம் வரும், கழற்றாமல் இருந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. பேட்டரி தீர்ந்தால் உடனே புதுசு வாங்குகிற வழக்கமெல்லாம் கிடையாது. களத்தில் காப்பிப் பழம் காயும் அல்லவா, அதன் ஓரமாகச் சாக்கை விரித்து, தீர்ந்துபோன நாலு கட்டைகளையும் படுக்க வைத்துவிடுவார் அப்பத்தா. சாயங்காலம் எடுத்துப் போட்டால் ரெண்டு நாள், மிஞ்சினால் மூணு நாள் பாடும். சூடேறினால் உள்ளே நின்றுபோன ரசாயன வேலை கொஞ்சம் உயிர்பெறும் என்று பின்னாளில்தான் படித்தேன். அப்பத்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. "காப்பியும் காயுது, கட்டையும் காயுது" என்பார். ஒருமுறை கூலிக்கு வந்தவர் கவனிக்காமல் கட்டையையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டார். அந்த மூட்டையை அவிழ்த்துத் தேடியது தனிக் கதை.

கேட்டது எந்த நிலையம்? திருச்சியும் கேட்போம். ஆனால் மனசெல்லாம் இலங்கை வானொலியில்தான். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு 'பிறந்தநாள் வாழ்த்து', 'இசையும் கதையும்', அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. நடுவே கடல் இருந்தது என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. கொழும்பு எங்கள் பக்கத்து ஊர், சென்னைதான் தூரம். சத்தம் குறைந்தால் பெட்டியை மெல்லத் திருப்ப வேண்டும். மீடியம் வேவைப் பிடிக்கும் ஏரியல் பெட்டிக்குள்ளேயே சின்னக் கம்பிச்சுருளாகப் படுத்திருக்கும். அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பாட்டு. எங்கள் வீட்டில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் கொழும்பு கேட்கும் என்று திண்ணையில் கரிக்கோடு போட்டிருந்தோம்.

அக்கா ஒருமுறை தன் பிறந்தநாளுக்கு இலங்கைக்கே கடிதம் போட்டாள். வெளிநாட்டுத் தபால்தலை. காசு எங்கிருந்து வந்தது என்று ஐயா விசாரித்ததை இங்கே எழுத வேண்டாம். அந்த நாளும் வந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது, ஐப்பசி மழை, வெயிலே இல்லை. மேட்டு வீட்டு அத்தை ஓடி வந்து, "உன் பேரைச் சொன்னாங்கடி!" என்றார். தன்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய்யோ என்று அக்காவுக்கு இன்றுவரை சந்தேகம்.

என்னோடு படித்த ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவன் அம்மாவும் அப்பாவும் தோட்டங்களில் காப்பி பறிக்கப் போகிறவர்கள். அவன் வீட்டில் ரேடியோ கிடையாது. ஆனால் கே.எஸ்.ராஜாவைப் போல அப்படியே பேசுவான். அந்த வேகம், மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று பாட்டுக்குள் நுழைத்துவிடுகிற லாவகம்... பள்ளிக்கூடத்து இடைவேளையில் கொட்டாங்குச்சியை மைக்காகப் பிடித்து அவன் ஆரம்பித்தால் வாத்தியாரே வாசலில் நின்று கேட்பார். எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே நின்றே கேட்டுக் கற்றவன் அவன். ஏன் வேலிக்கு வெளியே என்று அப்போது நான் யோசித்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் டவர் புண்ணியத்தில் டி.வி. வந்தது. அதற்கு முன்பே மதுரைப் பக்கமெல்லாம் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து இலங்கையின் ரூபவாஹினியைப் புள்ளிப்புள்ளியாகப் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் ஊரில் முதல் பெட்டி வசதியான ஒரு வீட்டுக்கு வந்தது. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டயனோரா. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். நடுநடுவே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. ஊரே அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஊரே என்று எழுதிவிட்டேன். ஊர் முழுக்க இல்லை. தோட்ட வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியேதான். யாரும் போர்டு மாட்டி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அது மார்கழி. காலேஜ் லீவுக்கு நான் வந்திருந்தேன். அவன் அந்த வயதிலேயே பறிப்புக்குப் போக ஆரம்பித்திருந்தான். மஞ்சு இறங்கி, சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றான். படத்தில் கடைசிக் கட்டம். உள்ளே ஒருவர், "குளிர் தாங்கல, அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா" என்றார். ஜன்னல் பக்கத்தில் இருந்தது நான்தான்.

அவன் விரலை எடுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சாத்தினேன்.

மறுநாள் டீக்கடையில் பார்த்தபோது, அவன் அந்தப் படத்தின் முடிவை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். சத்தத்தை மட்டும் கேட்டு அவனே கட்டிய முடிவு. நான் பார்த்ததை விட நன்றாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

1989-இல் கே.எஸ்.ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான், அதுவும் அரைகுறையாக வந்தது. அதற்குள் நாங்கள் எல்லோரும் டி.வி. பக்கம் போய்விட்டோம். 1983 கலவரத்தின்போதுகூட, பாட்டு வந்த அதே பெட்டியில் அந்த ஊரின் நிலவரத்தைக் கேட்டுப் பதறியவர்கள்தான் நாங்கள். பெட்டி மாறியதும் மறந்துவிட்டோம். பின்னால் கொடைக்கானல் பண்பலை 100.5-இல் வந்து, பாதித் தமிழ்நாட்டுக்குக் கேட்டது. எங்கள் மலையில் இருந்தே ஊருக்கெல்லாம் பாட்டுப் போனதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் திண்ணைக் கரிக்கோட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

போன மாதம் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆரஞ்சுத் தோட்டங்கள் நோயில் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மலைவாழையை முடிக்கொத்து நோய் அரித்துவிட்டது. மிளகுக் கொடிகள் மட்டும் தெம்பாக இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒலிபெருக்கியில் ஒரு குரல்: அதே வேகம், அதே அடுக்கு, சட்டென்று பாட்டுக்குள் நுழையும் அதே லாவகம். மைக் செட் அவனுடையதாம். மூணு ஊர்த் திருவிழாவுக்கும் அவன்தான் அறிவிப்பாளர்.

"வா மாப்ளே, ஒக்காரு" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டான். டீ வந்தது. நான் இழுத்து இழுத்து அந்த ஜன்னல் பேச்சை ஆரம்பித்தேன். அவன் ஆம்ப்ளிஃபயரின் திருகைச் சரிசெய்துகொண்டே கேட்டான்.

"அது என்ன படம்டா?"

யோசித்துப் பார்த்தேன். பெயர் வரவில்லை.

"எனக்கும் மறந்துபோச்சு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஜன்னல் மட்டும் மறக்கல."

அதற்குள் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் கவுன், ஒற்றைச் செருப்பு. அவன் மைக்கை எடுத்து, பெற்றோரைத் தேடி அறிவிக்க ஆரம்பித்தான்.