மூச்சு வாங்குதான்னு கேட்டுட்டுப் போனா ஆச்சா?

கொல்லிமலைன்னு தேடிப் பாருங்க. 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, பலாப்பழம்னு வந்து கொட்டும். நம்ம மக்கள் பைக்ல போயிட்டு வந்து எழுதின பயணக் கட்டுரைகளே ஏகப்பட்டது. ஆனா மூச்சுத் திணறலோட ஒருத்தர் அந்த 70 வளைவும் இறங்கி நாமக்கல் போகணும்னா என்ன பாடு படணும்னு நம்மள்ல யாராவது எழுதியிருக்கோமா?

சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பீடி, சிகரெட் ஆளுங்களுக்குத்தான் வரும்னு ஒரு நினைப்பு. தப்பு. முப்பது நாப்பது வருஷம் விறகடுப்புப் புகையில வெந்த பெண்களுக்கும் வரும். இந்தியாவில் அதிக உயிரைக் குடிக்கிற நோய்களில் இது முன்வரிசை. முழுசா குணமாகாது. ஆனா சரியான மருந்து, மூச்சுப்பயிற்சி, கவனிப்பு இருந்தா மனுஷன் நடமாடலாம், காட்டு வேலைக்குக்கூடப் போகலாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆஷா பணியாளர்கள் வீடு வீடா நிரப்புற மத்திய அரசுப் படிவத்தில், மூச்சு வாங்குதான்னு ஒரு கேள்வி இருக்கு. எந்த அடுப்பில் சமைக்கிறீங்கன்னும் இருக்கு. சபாஷ்! 'ஆமா தாயி, வாங்குது, விறகடுப்புதான்'னு அந்தம்மா சொன்னா? ஒரு டிக். அடுத்த வீடு. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, எர்ரர் லாக் மட்டும் பக்காவா எழுதுறோம், பக்கை யாரும் தொடுறதில்ல.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியாச்சு. நல்ல திட்டம், மறுக்கல. ஆனா மாத்திரை கொடுக்கிற மாதிரி இன்ஹேலரைக் கையில திணிச்சுட்டு வர முடியாது. மூச்சை முழுசா வெளிய விட்டு, வாயை இறுக்கி வெச்சு, அமுக்கிக்கிட்டே மெதுவா இழுத்து, பத்து எண்ற வரைக்கும் அடக்கணும். ஸ்டீராய்டு மருந்துன்னா அப்புறம் வாய் கொப்பளிக்கணும். இதுல ஒண்ணு தப்பினாலும் மருந்து தொண்டையோட நின்னுடும், இல்லேன்னா வாய்ப்புண் வரும். டாக்டர் ஒரு தடவை காட்டினா இது பழகிடாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு மாசாமாசம் வந்து, 'எங்க, செஞ்சு காட்டுங்க அத்தை'ன்னா பழகும். உதட்டைக் குவிச்சு மூச்சு விடுற பயிற்சி, பல்ஸ் ஆக்சிமீட்டர் பார்க்கிறது, சளி நிறம் மாறினாலோ உதடு நீலமானாலோ உடனே வண்டிக்குச் சொல்றது, எல்லாமே கத்துக்கொடுக்கக் கூடியதுதான்.

'பத்தாவது படிச்ச பொண்ணு நுரையீரல் வைத்தியம் பார்க்குமா'ன்னு கிளம்பிடுவாங்க சிலர். அய்யா, ஸ்பைரோமீட்டர் வெச்சு நோயை உறுதி பண்றதும் மருந்து எழுதுறதும் டாக்டர் வேலைதான், அதை யாரும் கேக்கல. ஆனா மகாராஷ்டிரா கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி, கிராமத்து மருத்துவச்சிகளுக்கே குழந்தைகளோட மூச்சை எண்ணி நிமோனியா கண்டுபிடிக்கக் கத்துக்கொடுத்தாங்க. நிமோனியா சாவு குறைஞ்சது, 1990-லயே லான்செட்டில் வந்தாச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு? தருமபுரி சித்தேரி மலைப்பக்கம் சிட்லிங்கியில், டாக்டர் ரெஜியும் லலிதாவும் 1993-லிருந்து மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து மருத்துவமனை நடத்துறாங்க. கொல்லிமலையில் இருக்கிறதும் அதே மலையாளி மக்கள்தானே? அங்க முடிஞ்சது இங்க முடியாதா?

ஒரே ஒரு கண்டிஷன். வேலையைக் கூட்டினா காசையும் கூட்டணும். 'சேவை'ன்னு சொல்லியே பொம்பளைங்க உழைப்பைச் சும்மா வாங்குற பழக்கம் போதும்.

கேள்வி கேக்க ஒரு பொண்ணை வாசல் வரைக்கும் அனுப்பத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, பதில் வந்தா என்ன செய்யணும்னு அவளுக்குக் கத்துக்கொடுக்கவும் தெரியணும்.

டிஸ்கி: 'எல்லாரும் கேஸ் அடுப்புக்கு மாறினா சரியாயிடும்'னு பின்னூட்டம் போட வர்றவங்க, சிலிண்டர் விலையையும் அதை மலைமேல ஏத்துற செலவையும் விசாரிச்சுட்டு வரவும். ஏற்கெனவே கெட்ட நுரையீரலுக்கு என்ன பண்றதுன்னும் சேர்த்துச் சொல்லவும்.