விராலடிப்பானை எழுப்பாதீர்கள்

மார்கழி, தை விடியலில் யாழ்ப்பாணத் தீவகத்து வாணர் பாலத்தால் குறிகட்டுவான் துறைக்குக் கமராவோடு போகிறவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு: பருந்தைக் கலைத்துப் படம் எடுக்காதீர்கள். விராலடிப்பான் என்னும் இந்தப் பருந்து வடபுல நாடுகளிலிருந்து வலசை வந்து, மீனையே நம்பிக் குளிர்காலத்தை இங்கே கழிக்கும் பறவை. பருந்தினங்கள் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுவது, வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றைப் பிடித்துத்தான். விடியலில் அந்தக் காற்று இல்லை. அந்நேரம் எழுப்பிவிட்டால் முழுத் தூரமும் சிறகடித்தே பறக்க வேண்டும். இரை பிடிக்க வைத்திருந்த பலம் அதில் போய்விடும். மீன்பிடி வள்ளங்களும் நயினாதீவுப் படகுகளும் செய்யாத இடைஞ்சலையா ஒரு கமரா செய்துவிடும் என்று கேட்பார்கள். படகு தன் வழியே போய்விடும், பறவையும் அதற்குப் பழகிவிடும். தன்னையே பார்த்தபடி நின்று நின்று நெருங்கிவரும் மனிதரிடம்தான் அதற்குப் பயம். கிட்டப் போய் எடுத்த படம்தானே சனங்களுக்குப் பறவையின் அருமையைக் காட்டும் என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால், சட்டகம் முழுக்க முகம் நிறைந்த படம் எந்த ஊரிலும் எடுக்கக்கூடியது. ஆழமில்லாத கடல், நட்ட வலைத்தடி, அதன்மேல் மீனைக் கிழிக்கும் பறவை எல்லாம் சேர்ந்த படமே இந்தக் கடலை ஏன் காக்க வேண்டும் என்று சொல்லும். வாகனத்துக்குள் இருந்தே எடுங்கள். இறங்கி நடக்கும்போது பறவை இரையை விட்டுத் தலை தூக்கி உங்களைப் பார்த்தால், அதற்கு மேல் ஓரடியும் வையாதீர்கள்.