திரும்பி வரும் வழியையும் எழுதுக

அண்மையில் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இறுதி நாள். இரவு பதினொன்றரை மணிக்கு ஆவணங்களைப் பதிவேற்ற முயன்றபோது, ‘பராமரிப்புப் பணிகள் காரணமாகச் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரிதான் திரையில் இருந்தது. நிறுத்தியவர் யார், சேவை எப்போது மீளும், இறுதி நாள் நீட்டிக்கப்படுமா என்ற எதற்கும் அதில் விடையில்லை. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். மலையாள வினை அவ்விகுதிகளை இழந்துவிட்டது என்று ஒப்பிட்டுப் படித்திருக்கிறோம். ஆனால் செயப்பாட்டுவினையில் எழுதப்படும் அறிவிப்புகளில் இவ்விரு மொழிகளும் ஒன்றாகிவிடுகின்றன. செய்தவர் இரண்டிலும் மறைந்துவிடுகிறார்.

தரவு மையத்தில் நெட்வொர்க் சுவிட்சுகளின் மென்பொருளை மேம்படுத்தினார்கள் என்று பின்னர் தெரிந்தது. அத்துறையில் பணிபுரியும் நண்பரிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டு என் கருத்தை இங்குப் பதிவு செய்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மேம்படுத்தலைத் தள்ளிப்போடுவது தீர்வாகாது. 2018 ஏப்ரலில் சிஸ்கோ சுவிட்சுகளின் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ வசதியைப் பயன்படுத்தி ஈரான், ரஷ்யா உள்ளிட்ட நாடுகளின் தரவு மையங்கள் தாக்கப்பட்டன. உலகெங்கும் ஏறத்தாழ 2 லட்சம் சுவிட்சுகளும் தம் நாட்டில் 3,500 சுவிட்சுகளும் பாதிக்கப்பட்டதாக ஈரான் அரசு கூறியது. அந்த வசதி குறித்த எச்சரிக்கை முன்னரே வெளியாகியிருந்தது. ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்பதற்கும் ஒரு விலை உண்டு.

ஆகவே கேள்வி, எப்படிச் செய்வது என்பதே. சுவிட்சின் மென்பொருளை மாற்றினால் பெரும்பாலும் அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் அதன் வழியே எதுவும் செல்லாது. ஒவ்வொரு சர்வரும் இரண்டு சுவிட்சுகளோடு இணைந்திருந்தால், ஒன்றின் போக்குவரத்தை மற்றதற்குத் திருப்பிவிட்டு, ஓய்ந்திருப்பதை மேம்படுத்தலாம். முன்பே குறித்து வைத்த அண்டை இணைப்புகள், வழித்தடங்களின் எண்ணிக்கையோடு இப்போதுள்ளவை பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். ஆதலால், ஒற்றைச் சுவிட்சை நம்பியிருக்கும் சர்வர்கள் எவை என்று கண்டறிவதே முதல் வேலை. சில பழைய பதிப்புகளிலிருந்து புதியதற்கு நேரே தாவ இயலாது. இடைப்பதிப்பு ஒன்றை நிறுவ வேண்டியிருக்கும். புதிய பதிப்பு மாற்றியமைத்த அமைவுக் கோப்பைப் பழைய பதிப்பு படிக்க இயலாமலும் போகலாம்; அதனால் பழைய கோப்பின் நகல் தனியே வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்களும் தடுமாறுவதுண்டு. தமிழர் பெருமளவில் வாழும் கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு வீழ்ந்தது. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். பலரால் அவசர உதவி எண்ணான 911-ஐக்கூட அழைக்க முடியவில்லை. ஏழு கட்ட மேம்படுத்தலின் ஆறாம் கட்டம் அது. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், ‘உயர் ஆபத்து’ என்றிருந்த மதிப்பீடு ‘குறைந்த ஆபத்து’ என்று இறக்கப்பட்டிருந்தது. ஐந்து முறை தப்பியதை ஆறாம் முறைக்கான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். பழுதைச் சீர்செய்ய வேண்டிய பணியாளர்களின் தொடர்பும் அதே வலையமைப்பையே நம்பியிருந்ததால், காரணத்தைக் கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் ஆயிற்று. பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதைதான்.

இதனால்தான் திட்டத்தின் உயிர், திரும்பி வரும் வழியை எழுதிய பகுதியில் இருக்கிறது என்கிறேன். ‘சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதில் நிபந்தனையும் இல்லை, செயலும் இல்லை. ‘அதிகாலை 3 மணிக்குள் எல்லா இணைப்புகளும் மீளாவிட்டால், பொறுப்பு அலுவலர் பழைய பதிப்புக்குத் திரும்ப ஆணையிடுவார்’ என்பது திட்டம். தமிழில் நிபந்தனை இயல்பாகவே முன்னால் வரும். வினை இறுதியில் வந்து முடிவைச் சொல்லும். நடு இரவில் களைத்த மூளை புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை; பகலில் எழுதிய வாக்கியத்தைப் பின்பற்றினால் போதும்.

திருவனந்தபுரத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று. கேரள அரசின் தரவு மையங்கள் இரண்டும், பாளையத்தின் கோ-பேங்க் டவர்ஸிலும் டெக்னோபார்க்கின் தேஜஸ்வினியிலுமாக, இந்நகரத்தில்தான் உள்ளன. அரசுச் சேவைகள் இணையத்துக்குப் போகப் போக, இங்கே ஒரு சுவிட்ச் அணைந்தால் இடுக்கியின் அட்சயா மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக நிற்கும் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி போகக்கூடும். அவருக்குத் தமிழில் அறிவிப்பு கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி.

பொதுச் சேவை வழங்கும் நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்க வேண்டியவை எளியவை. விண்ணப்பம், கட்டணம், மதிப்பெண் பதிவு ஆகியவற்றின் இறுதி நாட்களைப் பார்த்த பிறகே மேம்படுத்தும் நாளைக் குறிக்க வேண்டும். அறிவிப்பில் தொடங்கும் நேரம், முடியும் நேரம், பொறுப்பான அலுவலகம் மூன்றும் இருக்க வேண்டும். சேவை நின்ற நேரத்துக்கு ஈடாக இறுதி நாள் தானாகவே நீள வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கமும் எழுவாயுள்ள ஒரு வாக்கியமும் போதும்.

என் விண்ணப்பம் போகவில்லை. அடுத்த ஆண்டு வயது வரம்பு என்னை அனுமதிக்காது. அந்த இரவில் சுவிட்சுக்குத் திரும்பி வர ஒரு வழி இருந்திருக்கலாம். எனக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை.