கர்ட்டிஸ் கிண்ணம் உணர்த்துவது

நாடுகள் தம்முள் விளையாட்டுப் பந்தயம் நடத்தினால் நட்பு வளரும் என்பர் ஒரு சாரார். பகையே வளரும் என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிற்கும் சான்றுகள் உண்டு. பந்தயத்தை நிறுவுவோர் எதனை விரும்பி நிறுவினர், ஆடுவோர் எதனை மறவாது ஆடினர் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும் என்பது எமது கருத்து. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மகளிர்க்கும் பிரிட்டன் அயர்லாந்து மகளிர்க்கும் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் கர்ட்டிஸ் கிண்ணப் போட்டியாகும். இஃது ஊதியங் கருதாது ஆடும் பெண்களின் கோல்ப் பந்தயம். அதன் சிறப்பையும், அதனோடு ஒட்டி நின்ற ஒரு குறையையும் ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

இக்கிண்ணத்தை அளித்தோர் பாஸ்டன் நகரத்து உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் ஹாரியட் கர்ட்டிஸ், இளையவர் மார்கரெட் கர்ட்டிஸ். 1906-இல் அமெரிக்க மகளிர் வாகையை மூத்தவர் சூடினார். மறு ஆண்டு இறுதியாட்டத்தில் அக்காளும் தங்கையுமே எதிரெதிர் நின்றனர், தங்கை வென்றார். 1911-லும் 1912-லும் அவரே மீண்டும் வென்றார். ஒரே வீட்டில் ஒரே கலத்தில் உண்டு வளர்ந்தோர் களத்தில் ஒருவரையொருவர் விட்டுக்கொடாது பொருது, பொழுது சாய்ந்தபின் ஒருங்கே வீடு திரும்பினர் என்பது எண்ணத்தக்கது. போட்டியும் அன்பும் ஒருங்கு வாழும் என்பதை அவர்கள் நூலிற் கற்றாரல்லர், வாழ்விற் கண்டனர்.

1905-ஆம் ஆண்டிலேயே இவ்விருவரும் கடல் கடந்து இங்கிலாந்தின் குரோமர் என்னுமிடத்தில் பிரிட்டன் மகளிரோடு ஆடினர். அமெரிக்கர் தோற்றனர், ஆயினும், இத்தகைய கூட்டம் அடிக்கடி நிகழவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. 1927-இல் சகோதரிகள் வெள்ளிக் கிண்ணமொன்றை வழங்க முன்வந்தனர். பல நாட்டு மகளிரிடையே நட்பார்ந்த போட்டியைத் தூண்டுதலே அதன் நோக்கமென அதன்மேற் பொறிக்கப்பட்டது. எனினும், கிண்ணம் இருந்தும் பந்தயம் சில ஆண்டுகள் நடவாதிருந்தது. 1930-இல் கிளென்னா காலட் என்னும் அமெரிக்க வீராங்கனை ஓர் அணியைச் சன்னிங்டேலுக்கு அழைத்துச் சென்றார். அங்கும் பிரிட்டனே வென்றது. இதன் பின்னரே முறையான பந்தயம் 1932 மே மாதத்தில் வென்ட்வொர்த் என்னுமிடத்தில் தொடங்கிற்று.

அம்முதற்போட்டி மாணாக்கராகிய நமக்கு ஓர் அரிய பாடம். பிரிட்டன் அணிக்கு ஜாய்ஸ் வெதரெட் தலைவி. அக்காலத்தில் அவருக்கு நிகரான பெண் ஆட்டக்காரர் எந்நாட்டிலும் இலர் என்பது பலர் துணிபு. தனியாட்டத்தில் அவர் கிளென்னாவை எளிதில் வென்றார். தனியாட்டங்கள் ஆறிலும் சேர்ந்து பிரிட்டன் பெற்றவை 3½ புள்ளிகள். அமெரிக்கா பெற்றவை 2½. ஆயினும், கிண்ணம் அமெரிக்காவிற்கே சென்றது. ஏன்? காலையில் நடந்த மூன்று இணையாட்டங்களிலும் அமெரிக்கரே வென்றிருந்தனர். இணையாட்டத்தில் இருவர்க்கும் பந்து ஒன்றே. ஒருவர் அடித்துவிட்ட இடத்திலிருந்து மற்றவர் அடித்தல் வேண்டும். துணைவியின் பிழையைத் தன் பிழையாக ஏற்றுத் திருத்த வல்லாரே அதில் வெல்வர். ஒரு நுகத்திற் பூட்டிய காளைகளுள் ஒன்று மட்டும் விரைந்தால் வண்டி ஓடாது, குடைசாயும். தனித்தனியே வல்லார் பலர் கூடினும் கூட்டம் வல்லதாகிவிடாது. ஒருவர் குறையை ஒருவர் சுமக்கப் பழகியபின்னரே அஃது அணியாகும். 5½–3½ என்னும் அந்நாளின் கணக்கு இதனையே மொழிகின்றது.

பின்னர் நெடுங்காலம் பிரிட்டன் அணிக்கு வெற்றி கிட்டவில்லை. 1936-இல் கிளெனீகிள்ஸ் களத்தில் ஆட்டம் சமமாயிற்று. உலகப்போர் காரணமாகச் சில ஆண்டுகள் தடைப்பட்டு, 1948-இல் மீண்டும் தொடங்கியது. முதல் வெற்றி 1952-இல், ஸ்காத்லாந்தின் மியூர்பீல்டு களத்தில், 5–4 என்னும் கணக்கில் வந்தது; இருபது ஆண்டுக் காத்திருப்பின் பயன் அது. 1986-இல் அமெரிக்க மண்ணிலேயே, கான்சாஸ் மாநிலத்துப் பிரேரி டியூன்ஸ் களத்தில் 13–5 என வென்றனர். ஆடவர்க்குரிய ரைடர் கிண்ணத்தையும் வாக்கர் கிண்ணத்தையும் அமெரிக்க மண்ணில் எவரும் அதுகாறும் அமெரிக்கரிடமிருந்து கவர்ந்ததில்லை, பெண்களே வழிகாட்டினர்.

2024 வரை நிகழ்ந்த 43 போட்டிகளில் அமெரிக்கா வென்றவை 31, பிரிட்டன் அயர்லாந்து வென்றவை 9, சமமானவை 3. இத்துணை ஏற்றத்தாழ்வுள்ள பந்தயத்தை நடத்துவதேன் என்று சிலர் வினவலாம். வெற்றியொன்றே பயனாயின் இவ்வினா தக்கதே. ஆயின், நிறுவியோர் கருதிய பயன் வேறு. தோற்றவர் ஈராண்டு கழித்து மீண்டும் வருகின்றனர். வென்றவர் அவரை மதித்து எதிர்கொள்கின்றனர். 2022-இல் மெரியன் களத்தில் 15½–4½ எனப் படுதோல்வியுற்ற அணியே 2024-இல் சன்னிங்டேலில் 10½–9½ என வென்றது. தோல்வியைக் கண்டு களத்தை விட்டகலாதிருத்தலும் ஒரு வெற்றியேயன்றோ?

இனிக் குறையைக் கூறுவோம். 1952-இல் பெண்கள் வரலாற்று வெற்றி பெற்ற மியூர்பீல்டு, ஒரு பெண்ணையேனும் உறுப்பினராக ஏற்காத கழகத்தின் களம். 1984-இலும் இப்போட்டி அங்கு நடந்தது. அப்போதும் நிலைமை அதுவே. 2016-இல் இது குறித்து அக்கழகத்தார் வாக்களித்தபோது, வேண்டிய மூன்றில் இரு பங்கு கிட்டவில்லை. மறு ஆண்டே கிட்டிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழங்களத்தில் கர்ட்டிஸ் கிண்ணம் 2008-இல் ஆடப்பெற்றது. அக்களம் பொதுவுடைமை. ஆயின், அதனருகே மாளிகை கொண்டு விளங்கும், 1754-இல் தோன்றிய கழகம் பெண்களை உறுப்பினராக்க இசைந்தது 2014-இல்தான். பெண்ணின் ஆற்றலைக் கைகொட்டிப் போற்றுவர். ஆனால், அவளை உடனமர்த்தி வாக்குரிமை தாரார். இது விருந்தோம்பலாகலாம், நீதியாகாது. தனியார் கழகம் தன் உறுப்பினரைத் தானே தேர்தற்கு உரிமையுடையதன்றோ எனின், சட்டப்படி அது மெய்யாயினும், நாட்டின் புகழைச் சுமந்து ஆட வருவோரைத் தன் களத்திற்கு அழைக்கும் கழகம், தன்னை வெறும் தனிவீடு என்று சொல்லிக்கொள்ள இயலாது என்போம்.

மற்றுமொன்று. ஹாரியட் கர்ட்டிஸ் கறுப்பின மக்கள் பயின்ற ஹாம்ப்டன் கல்லூரியில் மாணவியர் தலைமைக் கண்காணிப்பாளராகத் தொண்டாற்றியவர். அவர் அளித்த கிண்ணத்திற்காக அமெரிக்க அணியில் ஒரு கறுப்பினப் பெண் முதன்முதலாக ஆடியது 2014-இல். அவர் மரையா ஸ்டாக்ஹவுஸ். முதற்போட்டிக்கும் அதற்கும் இடையே 82 ஆண்டுகள்! எந்த விதியும் நிறத்தைக் கூறித் தடுக்க வேண்டுவதில்லை. பரந்த நிலமும், விலை மிக்க கருவிகளும், நிறைந்த ஓய்வும் வேண்டும் ஆட்டத்தில் வறுமையே போதிய தாழாகும். ஊதியம் பெறாது ஆடுதல் உயர்ந்த நெறியே. ஆனால், ஊதியமின்றி வாழ வல்லார் மட்டுமே ஆடுவராயின் அந்நெறி செல்வர்க்கே உரிய அணிகலனாய்விடும்.

பல நாட்டு மகளிர் என்று கிண்ணத்திற் பொறித்த சொல்லும் இரு தரப்பளவிலேயே நின்றது. அதனைப் பிறிதொரு போட்டி நிறைவேற்றியது. 1964-இல் பாரிஸ் நகரருகே செயின்ட் ஜெர்மைன் களத்தில் எஸ்பிரிட்டோ சாண்டோ கிண்ணத்திற்காக 25 நாட்டு அணிகள் கூடின. அணிக்கு மூவர், நாள்தோறும் இருவரின் சிறந்த கணக்கே சேரும், நான்கு நாள் ஆட்டம். அம்முதற்போட்டியில் பிரான்சு அமெரிக்காவை ஒரே அடி வேறுபாட்டில் வென்றது. சகோதரிகள் இட்ட வித்து வேறொரு நிலத்தில் முளைத்தது எனலாம்.

ஆதலின் எமது முடிபு இது. கர்ட்டிஸ் கிண்ணம் நெடிது வாழ்க. அதன் கருத்து அதனினும் நெடிது வாழ்க. களத்தில் எதிர்நிற்பாரை உடன்பிறந்தாராக எண்ணுக என்பது அச்சகோதரிகள் வாழ்ந்து காட்டிய நெறி. உடன்பிறந்தாரை வாயிற்படியில் நிறுத்திவைப்பார் உலகில் இலர். எனவே, போட்டி நடத்துவோர் கிண்ணத்தைத் துலக்கி வைப்பதோடு அமையாது, கதவையும் திறந்து வைப்பாராக. விளையாட்டுக் கழகம் எதுவாயினும், அதில் இடம்பெறும் நம்மனோர் யாவரும் இதனையே முதற் கடமையாகக் கொள்வோமாக.