எந்தக் கையால் பேசுகிறீர்கள்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், என் தாயாரின் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்கும் பொருட்டு, ஓர் அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவில் காலைப் பொழுது முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. வாசலில் நின்ற ஊழியர் டோக்கன் எண்ணையும் பெயரையும் உரக்கக் கூவி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னதாகவே வந்து, ஓ.பி. சீட்டைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு, கதவையே இமைகொட்டாமல் நோக்கியிருந்த ஓர் அம்மையாரின் பெயர் மூன்று தரம் அழைக்கப்பட்டு, மூன்று தரமும் பதிலின்றிப் போகவே, "ஆள் இல்லை" என்று அவருடைய முறை தள்ளிவைக்கப்பட்டது. அவர் காது கேளாதவர் என்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

அறிந்தவர், ஊசி போடும் அறையிலிருந்து ஏதோ காரியமாக வெளியே வந்த நடுவயதுச் செவிலியர் ஒருவர்தாம். ஒரு கணம் நின்று பார்த்தவர், அருகே வந்து, அம்மையாரின் தோளை மெல்லத் தொட்டு, முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, புருவங்களை உயர்த்தி, இரண்டு கைகளாலும் எதையோ கேட்டார். அவ்வளவு நேரமும் கல்லாய்ச் சமைந்திருந்த அந்த முகம் மலர்ந்த விதத்தை வர்ணிக்க என்னால் இயலாது. மடியில் கிடந்த இரண்டு கைகளும் ஒருசேரப் பேசத் தொடங்கின.

பிற்பாடு அந்தச் சகோதரியுடன் சிறிது நேரம் பேசும் சந்தர்ப்பம் வாய்த்தது. பல வருஷங்களுக்கு முன் அவர் வேறோர் ஊரில் அறுவை சிகிச்சை வார்டில் இரவுப் பணியில் இருந்தபோது, குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒரு காது கேளாத முதியவருக்கு, வழக்கம்போல் வலது கையில் வென்ஃப்ளான் ஊசி செருகி, அசையாதபடி பட்டை போட்டு ஒட்டிவிட்டு, டிரிப்ஸை ஓடவிட்டுப் போனாராம். நடுநிசிக்குமேல் அந்த மனிதர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மயக்க மருந்தின் விளைவென்று எண்ணிச் சமாதானப்படுத்தியதோடு விட்டுவிட்டார்கள். விடியற்காலையில்தான், சிறுநீர் பிரியாமல் அடிவயிறு வீங்கி அவர் இரவெல்லாம் துடித்திருக்கிறார் என்பது தெரிந்தது. "பேசுகிற கையை நான் கட்டிப் போட்டுவிட்டேன், ஐயா, வாயைக் கட்டிப் போட்ட மாதிரி" என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அதன் பிறகுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காதுகேளாதோர் பள்ளி ஆசிரியையிடம் போய்ச் சைகை மொழி பயின்றிருக்கிறார். எவரும் பயிலச் சொல்லவில்லை. அதற்காகச் சம்பளத்தில் ஒரு காசும் கூடவில்லை.

சங்க இலக்கியத்துச் செவிலித்தாய், தலைவி வாய்திறந்து சொல்லுமுன்பே அவளது மேனி வேறுபாட்டைக் கவனித்துவிடுபவள். அந்தப் பெயரை நாம் இந்தத் தொழிலுக்கு இட்டது எத்தனை பொருத்தம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஆயினும், ஒரு தனிமனுஷியின் கருணையைப் புகழ்ந்துவிட்டு எழுந்துபோவதற்காக இதை நான் எழுதவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைந்தோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்கும் காய்ச்சல் வருகிறது, பிரசவம் நேர்கிறது, மார்வலி உண்டாகிறது. அப்போதெல்லாம் அவர்களை எதிர்கொள்ளும் மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்பது ஒன்று. 'மருந்து' என்னும்போதும் 'பருந்து' என்னும்போதும், 'மாலை' என்னும்போதும் 'பாலை' என்னும்போதும், உதடுகள் ஒரே விதமாகத்தான் மூடித் திறக்கின்றன என்பதை வாசகர்கள் கண்ணாடி முன் நின்று தாங்களே சோதித்துக்கொள்ளலாம்; முகக்கவசம் வந்துவிட்டாலோ அந்த உதடும் இல்லை. எழுதிக் காட்டினால் போதும் என்பது மற்றொன்று. பிறவியிலேயே ஓசையை அறியாத ஒருவருக்குத் தமிழ் என்பது காதுவழி வந்த தாய்மொழி அன்று, கண்ணால் பிரயாசைப்பட்டுக் கற்ற இரண்டாம் மொழி. 'சாப்பிடுமுன்', 'சாப்பிட்டபின்' என்ற இரண்டுக்கும் உள்ள பேதம் சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் சிறு துணுக்கில் அடங்கியிருப்பதால், அந்தத் துணுக்கைத் தவறவிட்டவர் மாத்திரையையே தவறாக விழுங்க நேரிடும்.

இவற்றுக்கும் மேலாக என் மனத்தை வருத்துவது, கூட வந்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கும் வழக்கம். தாயின் மாதவிலக்கைப் பற்றியும் கருப்பைக் கட்டியைப் பற்றியும் எட்டு வயதுச் சிறுவன் மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் கூச்சத்தால் பாதியை விழுங்குகிறான். பயத்தால் மீதியை மாற்றிச் சொல்லிவிடுகிறான். மருத்துவரோ அவனைப் பார்த்தே பேசுகிறார். நோயாளி அந்த அறையில் இருந்தும் இல்லாதவராகிறார்.

கைஜாடைதானே, மொழியா என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. 1880-ல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையை வகுப்பறைகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. 1960-ல் வில்லியம் ஸ்டோக்கோ என்ற அமெரிக்கப் பேராசிரியர், சைகைக்கும் தனி அமைப்பும் இலக்கணமும் உண்டு என்று நிறுவிக் காட்டினார். 2010-ல்தான் அதே மாநாட்டு வரிசை வான்கூவர் நகரில் கூடி, பழைய தீர்மானத்தைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டிலும், 2015-ல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தில்லியில் தோன்றி, 2021-க்குள் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. கற்க விரும்புவோருக்குச் சாதனங்கள் இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தச் சகோதரியே ஓர் எச்சரிக்கையும் செய்தார். பள்ளிக்கே போகாத கிராமத்து முதியவர்கள் பலருக்கு அகராதிச் சைகை தெரியாது. வீட்டார் மட்டும் அறிந்த சைகைகளே அவர்கள் பாஷை. ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும்போது, அரைகுறைச் சைகையை நம்பிக் கையெழுத்து வாங்குவது பெரும் பிழை. அங்கே முறையாகப் பயின்ற மொழிபெயர்ப்பாளரே வேண்டும். செவிலியர் கற்பது அவருக்குப் பதிலாக அன்று, அவர் வந்து சேரும் வரையிலும், அவர் போன பின்னர் வரும் நீண்ட இரவுகளிலும் துணை நிற்பதற்காக.

மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. 'தடை' என்பதற்கு அது தரும் வரையறையில் தகவல்தொடர்புத் தடையும் சேர்ந்தே இருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டியதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. செவிலியர் பட்டயப் படிப்பிலும் பட்டப் படிப்பிலும் சைகை மொழியை ஒரு பாடமாக்க வேண்டும்; மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிரந்தரமாக நியமிக்க வேண்டும்; டோக்கன் எண்ணைக் கூவுவதோடு, எல்லோரும் பார்க்கும்படி எழுதியும் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் போதும்.

அரசாணை வரும்போது வரட்டும். இதை வாசிக்கும் செவிலியர் சகோதர சகோதரிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றிரவு உங்கள் வார்டுக்குக் காது கேளாத ஒருவர் வந்தால், டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் அவர் எந்தக் கையால் பேசுகிறார் என்று பாருங்கள். ஊசியை மற்றக் கையில் போடுங்கள்.