எட்டு மணி நேரம் வந்த வழி

ஆலை வாயிற்கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. “வருஷக்கணக்காக மனுக் கொடுக்கிறோம், ஊர்வலம் போகிறோம், மறியல் செய்கிறோம். பன்னிரண்டு மணி வேலை ஒழியவில்லை; காண்டிராக்ட் முறை ஒழியவில்லை. இனியும் எதற்கு?” கேட்பவர்கள் கருங்காலிகள் அல்ல. நம்மவர்கள், இரவு ஷிப்டு முடிந்து கண் எரிய நிற்பவர்கள். அவர்களை அதட்டி உட்காரவைப்பது தொழிற்சங்க வேலை ஆகாது. கணக்கைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

கோவையில் முதல் நூற்பாலை, ஸ்டேன்ஸ் துரை நிறுவியது, 1888-ல் வந்தது. அன்று அமலில் இருந்தது 1881-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை நாளொன்றுக்கு 9 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். குழந்தைக்கு 9 மணி! வயது வந்த ஆணுக்கோ வரம்பே கிடையாது. 1891-ல் பெண்களுக்கு 11 மணி என்று வந்தது. நெசவு, நூற்பாலைகளில் ஆண் தொழிலாளிக்கு 12 மணி என்று எழுதுவதற்கே 1911 ஆயிற்று. முதல் சட்டத்திலிருந்து முப்பது வருஷம்.

அதன் பிறகு 1922-ல் 11 மணி. 1934-ம் வருஷச் சட்டத்தில் 10 மணி. 1946-ல் 9 மணி, வாரத்துக்கு 48 மணி. தோழர்களே, கூட்டிக் கழித்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் குறைய 11 வருஷம். அடுத்த ஒரு மணிக்கு 12 வருஷம். அதற்கடுத்ததற்கு மறுபடியும் 12 வருஷம்.

இடையிலே ஒரு வேடிக்கையும் நடந்தது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கூடி, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஒப்பந்தம் செய்தது. அதே ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று தனி ஷரத்துப் போட்டார்கள். வெயில் காயும் நாட்டுத் தொழிலாளி வாரம் 12 மணி அதிகம் உழைக்க வேண்டுமாம்!

சர்க்கார் கருணை கொண்டு இவற்றைக் குறைக்கவில்லை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். பைகாரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்ததும் ஆலைகள் பெருகின; ஆலைகளோடு சங்கமும் வளர்ந்தது, அடக்குமுறையும் வளர்ந்தது. சின்னியம்பாளையத்துத் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டது 1946 ஜனவரி 8. வாரம் 48 மணி என்ற திருத்தம் அமலுக்கு வந்தது அதே வருஷம் ஆகஸ்டு 1. ஏழு மாத இடைவெளி. அந்த நால்வர் அதைக் காணவில்லை. 1911-ல் பன்னிரண்டு மணி உழைத்தவர்களில் பெரும்பாலோரும் கண்டிருக்க மாட்டார்கள்.

வந்தது நிலைத்து நின்றதா? அதுவும் இல்லை. 2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. எல்லாச் சங்கங்களும், கொடி வேற்றுமை பாராமல், ஒன்றாக எதிர்த்து நின்றன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. முப்பது வருஷம் பிடித்த காரியமும் உண்டு, பத்து நாளில் முடிந்த காரியமும் உண்டு. முந்தைய வருஷங்களில் சங்கம் கலைந்து போயிருந்தால் அந்தப் பத்து நாளில் எதிர்த்து நிற்க யார் இருந்திருப்பார்கள்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலாகியுள்ளன. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்துவிட்டது. எட்டு மணி என்ற எழுத்து அதிலும் இருக்கிறது. ஆனால் இடைவேளையும் சேர்த்து ஒரு வேலை நாள் எவ்வளவு நீளலாம் என்பதைச் சர்க்காரின் அறிவிப்புக்கு விட்டிருக்கிறார்கள். முதலாளிமார் எந்தப் பக்கம் இழுப்பார்கள் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பண்ணையில் உழைக்கும் தோழர்களின் நிலை இதைவிடப் பின்தங்கியது. விடியுமுன் கவலை ஓட்டப் போன பண்ணையாளுக்குச் சங்கு ஏது, ஷிப்டு ஏது? 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த பிறகே, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதுவும் தஞ்சைத் தரணிக்கென்று வந்த சட்டம். இங்கே ஆர்.எஸ்.புரத்து ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்று துணி விரித்துப் போடும் சிப்பந்திகள் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் சொன்னதே 2021-ல்தான்.

ஆலைக் கமிட்டிகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பெரிய வேலை அல்ல. ஒவ்வொரு தொழிலாளியும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் தினமும் குறிக்கட்டும். ஆலை விடுதிப் பெண்களின் நேரமும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தோழர்களின் நேரமும் அதில் வர வேண்டும். அவர்களைத் தனியே விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகும். மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி சட்டப்படி உண்டு. கிடைத்ததா, சம்பளச் சீட்டில் ஏறியதா என்று மாதக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்துச் சங்க ஆபீசில் சேர்க்க வேண்டும். அடுத்த வாயிற்கூட்டத்தில் அந்த நோட்டுகளையே படிப்போம்.