வாரா உறுப்பினரும் பெயரேடும்

நெடுநாள் வாராத உறுப்பினரின் பெயரை ஏட்டினின்று நீக்கிவிடுதலே ஒழுங்கு என்பார் பலர். இணையத்தில் அமைந்த சங்கங்கட்கு அவ்வொழுங்கு முற்றும் தகுமோ என யாம் ஐயுறுகின்றோம்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், அந்நாளில் டுவிட்டர் எனப் பெயர்கொண்டிருந்த நிறுவனத்தார், ஆறு திங்களுக்கு மேல் புழங்காத கணக்குகளை அகற்றுவதாக அறிவித்தனர். இறந்தோர் எழுதிவைத்த மொழிகளும் உடன் அழியுமே என உற்றார் வருந்தினர். மறுநாளே அம்முயற்சி நிறுத்தப்பெற்றது.

ஆயின், அத்தகைய கணக்கைக் காவலின்றி விடுதலும் தீதே. கடவுச்சொல் கள்வர் கைப்படின், உரியவர் பெயராலேயே பிறரை வஞ்சிப்பர்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியொன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் உளது. ஓராண்டு முழுதும் பணியாற்றாத நிருவாகியின் அதிகாரத்தை 2011 முதல் அங்கே மீட்டுக்கொள்கின்றனர், கணக்கையோ அழிப்பதில்லை. ஆதலின், எப்பகுதியை யார் எழுதினார் என்னும் வரலாறு நிலைபெறுகின்றது. மீண்டு வருவோர் அதிகாரத்தைத் திரும்பக் கேட்டலும் கூடும்.

ஏனைச் சங்கத்தாரும் வாராதார் கணக்கைப் பூட்டிவைத்து, உரியவர் வந்து தம்மை மெய்ப்பித்தவழித் திறந்துவிடுக. அவர் எழுத்தை அழியாதொழிக. வாராதார் யாவரும் சங்கத்தை வெறுத்தவரல்லர். நோயுற்றாரும் இறந்தாரும் அவருள் உளர் அன்றோ?